தாழங்காட்டுப் புளியமரமும் பாய் வக்கீலும்

கள்ளக்குறிச்சி முன்சீப் கோர்ட்டில் ஜுல்பிகர் என்று பெயரைச் சொல்லி விசாரித்தால் டவாலி போட்ட சேவகருக்கே கொஞ்சம் யோசனை வரும். பாய் வக்கீல் என்று கேட்டால் போதும், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிடுவார். கடைத்தெருவில் அவருடைய அத்தாவுக்கு இரும்புக்கடை. கொழுமுனை, மண்வெட்டி, கிணற்று ராட்டினம் என்று விற்ற வீடு. அண்ணன் அமீர் கடையில் உட்கார்ந்துகொள்ள, தம்பியைச் சென்னைக்கு அனுப்பி வக்கீலுக்குப் படிக்கவைத்தார்கள். திரும்பி வந்த ஜுல்பிகர் நிலத்து வழக்கைத் தவிர வேறெதையும் கையில் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அடிதடி என்று யாராவது தலையில் கட்டோடு வந்து நின்றால், "வரப்ப வெட்டுனா எங்கிட்ட வாங்க. ஆள வெட்டுனா அடுத்த ரூமுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த ஆளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்த நிலத்துக்காக வழக்கு நடத்துகிறாரோ அந்த நிலத்தில் கால் வைக்காமல் பிராது எழுதமாட்டார். கட்சிக்காரர் பத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினால், அதை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வூட்ல இருங்க, வரேன்" என்பார். கறுப்புக் கோட்டைத் துணிப்பையில் சுருட்டி சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, ரிஷிவந்தியம் பக்கம் என்றாலும் சரி, சின்னசேலம் பக்கம் என்றாலும் சரி, கிளம்பிவிடுவார். வெள்ளிமலை வழக்கு என்றால் மட்டும் பஸ். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார், மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் திறப்பார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வக்கீல் ஒருவர் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்து முதலில் சிரித்த ஊர்கள், நாளாக நாளாக அவருக்கென்று ஒரு இளநீரை வெட்டி வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தன. இத்தனை செய்தும் எல்லா வழக்கிலும் ஜெயித்தாரா என்றால், இல்லை. தோற்ற வழக்கிலும் நிலம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படி மனப்பாடமான நிலங்களில் ஒன்று தாழங்காட்டில் இருந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற சாலையில், கல்வராயன் மலை கண்ணுக்கு எதிரே சுவராக எழுந்து நிற்கிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர். அங்கே சாலம்மாள் என்று ஒரு அம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகளைச் சின்னசேலத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவளுக்கு ஒரு துண்டு நிலம், கிணற்றோடு. முன்னால் சாலையை ஒட்டி இருப்பது கொழுந்தன் செல்லமுத்துவின் நிலம். அந்த நிலத்தின் ஒரு ஓரத்தில், சாலைக்கு அருகே ஒரு புளியமரம், அதை ஒட்டிச் சாலம்மாள் நிலம்வரை போகிற ஒரு வண்டித்தடம். சாலம்மாளின் புருஷன் உயிரோடு இருந்தபோது அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக்கொண்டார்கள். எழுத்து இல்லை, ரிஜிஸ்தர் இல்லை. கூட இருந்து பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் வரிசையாகச் செத்துப்போனார்கள்.

மரம் யாருக்கோ அவருக்குத்தான் தடமும் என்று பிரித்தார்கள். இதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை கிடையாது. மரம் யாருக்கு என்பதில்தான் சண்டை. எங்க அண்ணன் எனக்குத்தான் விட்டுக்கொடுத்தார் என்றான் செல்லமுத்து. என் புருசன் பாகத்தில் வந்தது என்றாள் சாலம்மாள். அண்ணன் செத்த மறு வருஷமே தடத்தில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டான் செல்லமுத்து. சாலம்மாள் கோர்ட்டுக்கு வந்தாள். வழிப் பிரச்சினையை விசாரணைக்குப் பிறகு பார்க்கலாம், அதுவரை செல்லமுத்துவோ அவனைச் சேர்ந்தவர்களோ மரத்தில் கை வைக்கக்கூடாது என்று ஒரு தடையுத்தரவு மட்டும் கிடைத்தது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்தார். பிரிக்காத பட்டாவில் அவர் எதைப் பிரித்துக் காட்டுவார்? நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடிற்று. வண்டி போக வழியில்லாததால் வெட்டிய கரும்பைத் தலைச்சுமையாக அடுத்தவன் வரப்பு வழியே தூக்கி வரவேண்டும். போன பருவத்தில் வெட்டு ஆட்கள் அந்த வயலுக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். பாதிக் கரும்பு நின்றபடியே காய்ந்தது. இந்தப் பருவத்துக்குள் வழி பிறக்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வழியில்லாத நிலத்தை வாங்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது செல்லமுத்து. இது செல்லமுத்துவுக்கும் தெரியும். பாய் வக்கீலுக்கு அந்த ஆள்மேல் கோபம் வருவதும் இதனால்தான். வழக்கு நடத்துகிறவன் எதிர்க்கட்சிக்காரன்மேல் கோபப்படக்கூடாது என்று ஜூனியர்களுக்கெல்லாம் புத்தி சொல்லுவார். தாழங்காட்டு வாய்தா அன்று மட்டும் அந்தப் புத்தி அவருக்கே எட்டாது.

இந்த நிலையில்தான் எண்பத்தேழாம் வருஷத்துச் சாலை மறியல் வந்தது. தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று தென்னாற்காடு முழுக்க ஒரு வாரம் சாலையில் இறங்கிவிட்டார்கள். சாலை ஓரத்து மரங்களெல்லாம் சாலைக்குக் குறுக்கே படுத்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, கோர்ட்டில் ஜட்ஜைத் தவிர ஆளில்லை. வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின என்று ரேடியோவைக் கேட்டவர்கள் கடைத்தெருவில் வந்து சொன்னார்கள். சாலம்மாள் குடும்பமும் செல்லமுத்து குடும்பமும் அந்தச் சாதிதான். ஒரே குடும்பம்தானே.

மறியலின் நடுவில் ஒரு காலை, இரும்புக்கடைக்கு நடந்தே வந்த தாழங்காட்டு ஆள் ஒருவர், "உங்க புளியமரத்த சாச்சுட்டாங்களே பாய்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். கடையை ஒட்டிய வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய் வக்கீல் வாயில் வைத்த இட்லியை விழுங்காமல் எழுந்துவிட்டார்.

"ஊரே அடச்சிக் கெடக்குது. கவர்னரே வூட்ல குந்திக்கினு இருக்காரு. நீங்க எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி ஷாஜாதி.

"மரத்த வெட்டிட்டானாம்."

"ஊர்ல இருக்கற மரமெல்லாந்தான் வெட்டிட்டாங்க."

"அது கேஸ்ல இருக்கற மரம் ஷாஜாதி!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு ஊரில் உள்ள வயல்களெல்லாம் சக்களத்திகள்தான்.

சைக்கிளை மிதித்த தூரத்தைவிடத் தூக்கிய தூரம்தான் அன்றைக்கு அதிகம். வேப்பமரத்தைத் தாண்டினால் தூங்குமூஞ்சி மரம், அதைத் தாண்டினால் புங்கமரம். ஒவ்வொரு மரத்தின்மேலும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. வேறு யார் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். "பாய் வக்கீலு, வுடுங்கடா" என்று சொல்லி அவர்களே சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள். ஒரு இடத்தில் தன் வழக்கின் வாய்தா எப்போது என்று ஒரு ஆள் மரத்தின்மேல் உட்கார்ந்தபடியே விசாரித்தான். மறியல் முடிந்து வா சொல்கிறேன் என்றார் இவர்.

தாழங்காட்டில் அந்தப் புளியமரம் சாலைக்குக் குறுக்கே முழு நீளத்துக்கும் கிடந்தது. அதற்கப்பால் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த ஜீப் ஒன்று பலாப்பழ மூட்டைகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் அடிமரத்தின்மேலேயே துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஊர் இளவட்டங்கள் கிளைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் இடுப்பில் ஒரு குண்டானை வைத்துக்கொண்டு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள் சாலம்மாள்.

பாய் வக்கீலுக்கு முதலில் வந்தது துக்கம். வருஷக்கணக்காகப் பிராதிலும் பதிலுரையிலும் எழுதி எழுதி, அந்த மரம் அவருக்கு ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகியிருந்தது. அடுத்து வந்தது சந்தோஷம். வெட்டியது யார் என்று அவர் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. செல்லமுத்துவின் மகன் பழனி கோடாலியைத் தோளில் சாத்திக்கொண்டு எதிரிலேயே நின்றான். கோர்ட் தடையை மீறிப் பிரதிவாதியின் மகனே மரத்தை வெட்டியிருக்கிறான். ஊரே சாட்சி. இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு மனு போட்டால் செல்லமுத்துவைச் சிவில் ஜெயிலில் உட்காரவைக்கலாம். பிறகு அவனாக வந்து வழியைத் திறப்பான்.

சாலம்மாளைத் தனியாக அழைத்து இதைச் சொன்னார். சொல்லும்போது குரல் துள்ளியது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூழு குடிங்க பாய். வெயில்ல வந்துக்கீறீங்க."

"நாஞ் சொல்றது புரியுதாம்மா? நாம ஜெயிச்சிட்டோம்."

"அப்பறமா பேசிக்கலாங்க. புள்ளைங்க பசியோட குந்திக்கினு இருக்குதுங்க" என்று சொல்லி, சொம்பை அவர் கையில் திணித்துவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விட்டாள்.

கட்சிக்காரர்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைத்துக்கொண்டு கூழைக் குடித்தார். நல்ல கூழ். ஊறுகாயும் இருந்தது.

மறியல் முடிந்தது. மரங்களை இழுத்து ஓரத்தில் தள்ளினார்கள், பஸ் ஓட ஆரம்பித்தது, போலீஸும் வந்தது. சாலையில் உட்கார்ந்ததற்கு ஊரோடு ஒரு வழக்கு. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, ஆயிரம் பேரில் ஒரு ஆள். மரம் வெட்டியதற்குத் தனி வழக்கு என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபோதுதான் ஊர் பயந்தது. சாலை ஓரத்து மரமென்றால் சர்க்கார் சொத்து, சர்க்கார் சொத்தை அழித்தால் லேசில் ஜாமீன் கிடைக்காது. கோடாலியும் கையுமாகப் பார்க்கப்பட்ட பழனியின் பெயர் முதலில் இருந்தது. அவன் ராத்திரியோடு ராத்திரியாக மலை ஏறிவிட்டான். வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு தினைக்கொல்லையில் காவலுக்கு இருப்பதாகப் பேச்சு.

பழனி வாத்தியார் ட்ரெயினிங் முடித்தவன். எம்ப்ளாய்மென்டில் பதிந்துவிட்டு எப்போது கார்டு வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். சர்க்கார் வேலையில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்கத்தான் சாலைக்கு வந்தான். இந்த வழக்கு ஒன்று அவன் பெயரில் விழுந்துவிட்டால், ஒதுக்கீடு வந்தாலும் அவனுக்கு வேலை வராது.

செல்லமுத்துவின் வக்கீல் அறிவுச்செல்வன், பாய் வக்கீலுக்குச் சிநேகிதர். கோர்ட்டில் இருவரும் கடித்துக் குதறிக்கொள்வார்கள், மத்தியானம் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். ஷாஜாதி கட்டிக் கொடுக்கிற குஸ்காவில் பாதி அறிவுச்செல்வனுக்குத்தான் போகும். அன்றைக்கு அவர் குஸ்காவைத் தொடவில்லை.

"பாய், எங்காளு சரியா மாட்டிக்கினாரு" என்றார். "எம் மரந்தான்னு சொன்னா ஒங்க தடையுத்தரவு இருக்குது. நீங்க வுடுவீங்களா?"

"எப்பிடி வுடுவேன்?"

"ரோட்டு மரம்னு சொன்னா பையனுக்கு ஜாமீன் இல்ல. வேலையும் போச்சு."

"அதுவும் நெசந்தான்."

"சாலம்மா மரம்னு சொன்னா, அது திருட்டுக் கேசு. அந்தம்மா ஒரு பெட்டிசன் குடுத்தா முடிஞ்சுது."

பாய் வக்கீல் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். நாலாவதாக ஒரு வழி இருப்பது இரண்டு பேருக்குமே தெரியும். சொந்தக்காரியே வெட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தால் திருட்டும் இல்லை, அழிவும் இல்லை. தடையுத்தரவும் சாலம்மாளைக் கட்டுப்படுத்தாது. அதற்கு மரம் சாலம்மாளுடையது என்று செல்லமுத்து வாயாலேயே சொல்லவேண்டும். சொன்னால் தடமும் அவளுக்குப் போய்விடும். அதோடு சாலம்மாளும், தான் கொடுக்காத மரத்தைக் கொடுத்தேன் என்று சொல்லவேண்டும்.

"ஒரு வார்த்த. கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன் பாய்" என்றார் அறிவுச்செல்வன்.

பாய் வக்கீலுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத் தொழிலில் எவ்வளவோ தோற்றிருக்கிறார், ஒரு சாட்சிக்குப் பொய் சொல்லிக் கொடுத்ததில்லை. வாத்தியார் வேலைக்குக் காத்திருக்கும் பையன் ஒரு பக்கம். வழிக்காகத் தலைச்சுமை தூக்கித் தேய்ந்துபோன அம்மாள் இன்னொரு பக்கம். பையனுக்காக நீ பொய் சொல் என்று அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? அதுவும், வழியில் முள்ளைப் போட்டவன் மகனுக்காக? அவள் காறித் துப்பினாலும் தப்பில்லை என்று தோன்றிற்று. கேரியரை மூடிவிட்டார்.

மரம் யாருடையது என்று விசாரிக்க நேரில் வருகிறேன், சொந்தக்காரர் என்று யாரும் வராவிட்டால் சர்க்கார் மரம் என்று எழுதிவிடுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஒரு நாள் குறித்தார். அன்றைக்குக் காலையில் சாலம்மாளை முன்னதாகப் பார்த்துப் பேசிவிட நினைத்துக் கிளம்பினார் பாய் வக்கீல். சைக்கிளில் போகும்போதே பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். எங்கே ஆரம்பித்தாலும் பொய்யில்தான் போய் முடிந்தது. கச்சிராயபாளையத்தில் இறங்கி ஒரு டீ குடித்தார். ஒரு வாழைப்பழம் தின்றார். தனக்கே தெரியாமல் நேரத்தைக் கடத்தினார். தாழங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் புல்லட் நின்றுகொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் லத்தியால் கட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் செல்லமுத்துவும் அறிவுச்செல்வனும். மறு பக்கம் சாலம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"வாங்க பாய். ஒங்க மரத்துக்குக் கருமாதி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவரும் கொஞ்சம் தமாஷான ஆள்தான். ஆனால் கையில் பேனா இருந்தது.

"சொல்லுய்யா. மரம் யாருது?"

கேள்வி செல்லமுத்துவைப் பார்த்து. ஏழெட்டு வருஷமாகக் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, கேட்பதற்கு முன்பே என் மரம் என் மரம் என்று கத்திய ஆள், வாயைத் திறந்தான், மூடினான். தடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தான், மலையை ஒருதரம் பார்த்தான். அந்த மலையில் எங்கோ அவன் பிள்ளை இருந்தான். பாய் வக்கீலுக்கு அந்த நிமிஷம், முதல்முறையாக, அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பேச மாட்டியா? செரி. ஆருதும் இல்லன்னா ரோட்டு மரம்" என்று பேனா மூடியைத் திறந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"என்னுதுங்க" என்றாள் சாலம்மாள்.

பேனா நின்றது.

"எம் மரந்தாங்க. பழனி வந்து கேட்டான். வெட்டிக்கடான்னு நாந்தான் சொன்னேன்."

பாய் வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் சொல்லத் தயங்கித் தயங்கி வாழைப்பழம் தின்ற பொய்யை இந்த அம்மாள் தானாகவே எடுத்து வீசுகிறாளே என்று நினைத்தார். குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் லேசில் நம்புகிற ஆளா? "இன்னாம்மா கத வுடற? அவங்கப்பனுக்கும் ஒனக்கும் கோர்ட்ல கேசு. மொகம் பாத்துப் பேசிக்கறதில்லன்னு ஊரே சொல்லுது. அவன் ஓங்கிட்ட வந்து கேட்டானாமா?"

"கேட்டாங்க. மொத நாளு, பொழுது சாயற நேரம். கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தேன். வரப்புமேல வந்து நின்னான். 'ரோட்டுக்கு மரம் வேணும் பெரீம்மா, நம்ம மரம் பக்கத்துல கீது, வெட்டிக்கட்டுமா'ன்னு கேட்டான். நானும் அவங்கூட வந்து, மரத்துக்குக் கற்பூரம் ஏத்திக் கும்புட்டுட்டுத்தாங்க வெட்டச் சொன்னேன். அதோ பாருங்க, இன்னும் கரி இருக்குது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அடிக்கட்டையின் வேரடியில் ஒரு ஓட்டுத் துண்டு, அதன்மேல் கறுப்பாகக் கற்பூரம் எரிந்த தடம், காய்ந்துபோன எலுமிச்சைத் தோல். பாய் வக்கீல் அன்றைக்கு இதே இடத்தில் நின்றவர். மரத்தைப் பார்த்தார், கோடாலியைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். கீழே பார்க்கவில்லை.

"அப்பங்கிட்ட கேக்காம ஓங்கிட்ட எதுக்கும்மா கேக்கறான்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மரத்துக்காரிகிட்டதானேங்க கேப்பாங்க" என்றாள் அவள். தெரியாத ஒருவருக்கு வழி சொல்லுகிற குரலில்தான் சொன்னாள்.

வெள்ளிமலை பஸ் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று. சர்வேயர் சங்கிலியில் கிடைக்காதது, தாலுகா ஆபீசில் கிடைக்காதது, செத்துப்போன பெரியவர்களோடு புதைந்துவிட்டது என்று பாய் வக்கீல் நினைத்த ஒன்று, இந்த அம்மாளின் வாயில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மரம் யாருடையது என்று செல்லமுத்துவின் வீட்டிலேயே பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் அப்பனைத் தாண்டி வந்து கேட்டிருக்கிறான்.

சப்-இன்ஸ்பெக்டர் செல்லமுத்து பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

செல்லமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வேர்வையைத் துடைத்தானோ வேறெதைத் துடைத்தானோ.

"அண்ணி சொல்றது நெசந்தாங்க. அவுங்க மரந்தான்" என்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சொந்தக்காரி சம்மதத்தோடு வெட்டிய மரத்துக்கு வழக்கில்லை. மறியலுக்கு உண்டு, அது ஊரோடு போகும் என்று சொல்லிவிட்டு, புல்லட்டை உதைத்துக் கிளப்பினார். அறிவுச்செல்வன் பாய் வக்கீலின் தோளைத் தட்டி, ராஜி மனுவை நாளைக்கே எழுதிவிடலாம், குஸ்கா கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பாய் வக்கீலுக்கு அவர்மேல் கவனமே இல்லை. நேராகச் சாலம்மாளிடம் போனார். சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது, கோபத்தோடு கண்ணும் கலங்கிற்று.

"ஏம்மா, இத்தினி வருசமா ஒரு சாட்சி கெடைக்காதான்னு நான் நாயா அலஞ்சிக்கினு இருக்கேன். அன்னிக்கு ஓடி வந்தேனே, அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? இத ஒண்ண வெச்சே கேஸ ஜெயிச்சிருப்பேனே! ஏன் சொல்லல?"

சாலம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தவர் காதில் விழக்கூடாது என்று தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் செல்லமுத்து நாலடி தள்ளித்தான் நின்றான்.

"கேஸு போட்டதுலேர்ந்து எம் மொகத்தப் பாக்காத புள்ள பாய். இடுப்புல தூக்கிச் சொமந்த புள்ள. அன்னிக்கு வந்து பெரீம்மான்னு கூப்ட்டான். போறப்ப, 'அப்பாகிட்ட சொல்லிடாத பெரீம்மா'ன்னு கையப் புடிச்சிக்கினு கேட்டுட்டுப் போனான். அவன உள்ள போடறாங்கன்னாங்க, சொல்லிட்டேன். கேஸ ஜெயிக்கறதுக்கா சொல்லுவேன்?"

செல்லமுத்து மெதுவாக நடந்து தடத்துக்குப் போனான். அரிவாளைத் தேடவில்லை, கோலைத் தேடவில்லை. வெறுங்கையாலேயே வேலிமுள்ளைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். வருஷக்கணக்காக மக்கி இறுகிப்போன முள். ஒவ்வொன்றாகத்தான் வந்தது. கையெல்லாம் ரத்தம்.

"யாராவது ஒரு கவைக்கோல் குடுங்களேன் அந்த ஆளுக்கு" என்று சொல்லிக்கொண்டே சாலம்மாள் செருகியிருந்த முந்தானையை எடுத்து அவன் கையைத் துடைக்க ஓடினாள்.